படம் இலக்கம் பதினேழில் உள்ள அழுக்கு

இதை நான் யாரையும் திருத்துவதற்காக எழுதவில்லை. திருந்துகிற ஆட்களாக இருந்தால் அந்தக் காலத்திலேயே திருந்தியிருப்பார்கள். என் ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, இனி என்னை ஒருவரும் இடம் மாற்ற முடியாது. ஆகவே மனம் ஆறுவதற்காக, பெயர் சொல்லி எழுதுகிறேன்.

அறுபதுகளில் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு நூதனசாலை இருந்தது. இப்போது இல்லை, தேடிப் போகாதீர்கள். கந்தப்பு என்கிற நான் அங்கே ஒரே எழுதுவினைஞன். சுன்னாகத்தில் காலை ரயில் ஏறி வந்து மாலை ரயிலில் திரும்புவேன். காட்சிக்கு முப்பத்தொரு பொருட்கள் இருந்தன. அவற்றைப் பராமரிக்க நான்கு குழுக்கள் இருந்தன. நான்கிலும் பெரியது விவரணக் குழு. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒட்டும் அட்டையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்வது அதன் வேலை.

குழுவின் தலைவர் திரு. ஏ. கனகரத்தினம், ஓய்வுபெற்ற மதுவரி அத்தியட்சகர். முப்பது வருஷம் கள்ளுப் பானைகளை உடைத்தவர். அதனால் மட்பாண்டங்களில் நீண்ட அனுபவமுள்ளவர் என்று அவருடைய நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. இரண்டாவது ஆள் திரு. சிவக்கொழுந்து, துப்புரவு நிபுணர். வெளிநாட்டில் மூன்று கிழமை பயிற்சி பெற்று வந்து, வந்த வருஷமே ஒரு வெண்கலச் சிலையை மூக்கில்லாமல் துப்புரவாக்கியவர். மூன்றாவது செல்வி கனகாம்பிகை, ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை. கூட்டங்களில் பின்னல் பின்னுவார். மூன்று பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

விவரிக்க வேண்டிய பொருளைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது வழக்கமில்லை. பொருளைப் பார்த்தால் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது தலைவரின் கருத்து. அட்டையின் உச்சியில் அந்தப் பொருளுக்காக உழைத்த அதிகாரிகளின் பெயரும் பதவியும் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான். அதற்குக் கீழே இடம் மிஞ்சினால் பொருளைப் பற்றி எழுதலாம்.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஆண்டுவிழாவுக்குப் பொருள் போதவில்லை என்று கரையோர ஊர்களுக்கு ஜீப் அனுப்பினார்கள். குருநகரில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து ஒரு படம் கிடைத்தது. பழைய வள்ளத்துப் பலகைத் துண்டு ஒன்றில் வரைந்த, பட்டணத்துப் பெரியகோயில் என்கிற மாதா கோயில். ஒரு சிலேட்டின் அளவுதான். கொடுத்தவருக்கு, ‘பலகை – 1 (பழையது)’ என்று பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இரண்டு மாதத்தில் அட்டை தயாரானது. தலைவர் பெயரும் சிவக்கொழுந்தர் பெயரும் மூன்று விரற்கடை உயர எழுத்தில். அதற்குக் கீழே இப்படி:

‘இலக்கம் 17. பட்டணத்துப் பெரியகோயில். பெயர் தெரியாத ஒல்லாந்த ஓவியர் கோட்டை மதில்மேல் நின்று வரைந்தது. தூரக் கணக்கு அறியாதவராதலால் பனையைப் பெரிதாக்கிக் கோயிலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். கீழே துறையருகே காணப்படும் சிவப்பு, வெற்றிலை எச்சில் பட்ட அழுக்கு. விரைவில் அகற்றப்படும்.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து, தனக்கு வாசிக்கத் தெரியாது, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டார். நான் வாசித்துக் காட்டினேன்.

“வெத்திலை எச்சிலோ?” என்றார்.

“அப்பிடித்தான் குழு சொல்லுது.”

“தம்பி, உது என்ரை மனிசி.”

அவர் பெயர் கிறகோரி. குருநகர் மீனவர். படத்தைக் கீறியவர், அதாவது வரைந்தவர், அவர்தான். மனைவி யசிந்தா, அவர் கடலால் வருகிற நேரம் பார்த்துச் சிவப்புச் சேலையோடு துறையில் வந்து நிற்பாளாம். ஒரு முறை அவர் மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள். திரும்பி வந்தபோது துறையில் ஒருவரும் நிற்கவில்லை. அந்த வருஷம் திருவிழாவுக்கு முன் வள்ளத்துக்குப் பூசிய வர்ணத்தில் மிச்சம் கிடந்ததைக் கொண்டு கீறினாராம்.

“முகம் ஏன் வைக்கேல்லை எண்டு நீங்கள் கேப்பியள். கடல்லை நிண்டு பாத்தால் ஆள் அவ்வளவுதான் தெரியும். சிவப்பாய் ஒரு பொட்டு. அதைக் கண்டால் சரி, வீட்டை வந்திட்டன் எண்டு அர்த்தம்.”

“கோயில் ஏன் ஓரத்திலை நிக்குது?”

“பனைக்கு இடக்கைப் பக்கம் கோயில் உச்சி நிக்கிறமாதிரி வள்ளத்தைப் பிடிச்சால்தான் ஆழத்தாலை வரலாம். கோயில் நடுவிலை தெரிஞ்சுதெண்டால் கீழை சேறு. ஒல்லாந்தன் எண்டு எழுதிக் கிடக்கே, உந்த முகப்பு எழும்பேக்கை மண் சுமந்தவன் நான்.”

தன் பெயரை எழுதச் சொல்லி அவர் கேட்கவில்லை. ஒல்லாந்தனுக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். “அவவை எல்லாச் சனமும் பாக்கட்டும் எண்டுதான் பலகையைக் குடுத்தனான். அவவைச் சுரண்டாமல் விடச் சொல்லுங்கோ. அது போதும்.” பலகையைத் திருப்பித் தர முடியுமா என்று நானே கேட்டுப் பார்த்தேன். பதிவேட்டில் ஏறிய பொருள் இறங்காது என்றார்கள்.

முறைப்பாட்டுக்குப் படிவம் இருந்தது. ஓவியர் உரிமைப் படிவத்தில் நான்காவது கட்டம், ஓவியர் இறந்த திகதி. அதை வெறுமையாக விட்டோம். குறைபாடுள்ள விண்ணப்பம் என்று திரும்பி வந்தது. படத்தில் காணப்படும் ஆட்களுக்கான படிவம் வேறு. அதில் படத்திலிருப்பவர் தாமே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். ஓவியர் செத்திருக்க வேண்டும், படத்தில் இருப்பவர் உயிரோடிருக்க வேண்டும். கிறகோரியின் வீட்டில் இரண்டும் மாறி நடந்துவிட்டது.

“அப்ப நான் சாகோணுமோ, தம்பி?” என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

“பொறுங்கோ அண்ணை, கூட்டத்திலை வைப்பம்” என்றேன். குருநகர் மீனவனை அண்ணை என்கிறான் என்று அதற்கும் என் சேவைக் கோவையில் ஒரு குறிப்பு ஏறியது.

கூட்டத்தில் அவரைக் கதவோரம் நிறுத்தினார்கள். கதிரை கொடுக்கவில்லை. தலைவர் எழுந்து பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன்:

“அன்பர்களே, உயிரோடிருக்கும் ஓவியர்களைப் பற்றி விவரணம் எழுதுவது நமது மரபல்ல. அவர்கள் மறுத்துப் பேசக்கூடும். இறந்த ஓவியர் எவரும் இதுவரை நமது அட்டையில் பிழை சொன்னதில்லை. மேலும், பொதுமக்கள் படத்தைப் பார்க்க வருவதில்லை, நாம் என்ன சொல்கிறோம் என்று வாசிக்கவே வருகிறார்கள். இவர் தாம் மண் சுமந்து கட்டிய முகப்பு என்கிறார். ஒல்லாந்தர் காலத்து ஓவியர் ஒருவர், பின்னால் கட்டப்படப்போகும் முகப்பை முன்னரே அறிந்து வரைந்திருந்தால் அது அவருடைய மேதைமையையே காட்டுகிறது. அதை ஒரு மீனவரின் சொல்லுக்காக நாம் இழப்பதா?”

சிவக்கொழுந்தர் மேசையில் தட்டினார். அழுக்கை யூலை இருபத்தெட்டாம் திகதி அகற்றுவது என்று தீர்மானமாயிற்று. கிறகோரி அண்ணை கதவோரம் நின்று, “ஐயா, ஒருக்கா அந்தப் பலகையை எடுத்துப் பாருங்கோவன்” என்றார். மனம் சாய்ந்துவிடும் என்று தலைவர் மறுத்துவிட்டார்.

நல்ல வேளையாக அன்று கனகாம்பிகை பின்னலை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார். கோட்டை மதில்மேல் நின்றால் கோயிலுக்கு முன்னால் கடல் எப்படி வரும்? இதற்காக மூன்று விசேட கூட்டங்கள் நடந்தன. ஓவியர் கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்று வரைந்திருக்கலாம் என்பது சிவக்கொழுந்தரின் வாதம். மூன்றாம் கூட்டத்தின் முடிவில் நான், குழு கடலில் போய் நேரே பார்ப்பதுதான் அதன் தகுதிக்கு ஏற்றது என்று பணிவாகச் சொன்னேன். தகுதி என்ற சொல் தலைவருக்குப் பிடித்தது. வள்ளம் ஒழுங்கு செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார். நான் யாருடைய வள்ளத்தைப் பிடித்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

யூலை இருபத்துமூன்று காலை புறப்பட்டோம். மூன்று குடை, ஒரு பிஸ்கற் பேணி, கூட்டக் குறிப்பேடு, அட்டை. படத்தைக் கொண்டுவரவில்லை. கிறகோரி அண்ணை நீளத் தடியால் ஊன்றி வள்ளத்தைக் கொண்டுபோய் ஆழத்தில் ஒரு இடத்தில் நிறுத்தினார். கரையைக் காட்டினார். பனைக்கு இடக்கைப் பக்கம், ஓரமாகக் கோயில் உச்சி நின்றது.

“இதுதான் ஐயா அந்த இடம்.”

தலைவர் அட்டையைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். “இதிலை கோயிலை ஓரத்துக்குத் தள்ளினது ஓவியரின்ரை பிழை எண்டு எழுதியிருக்கிறம். அப்ப சரியான இடத்திலை கோயில் நடுவிலை தெரியவேணும். கோயிலை நடுவுக்குக் கொண்டுவா.”

“கோயில் வராது ஐயா. வள்ளந்தான் போகோணும். அங்கை சேறு, தண்ணியும் வத்துற நேரம்.”

“நீ விவரணக் குழுவோ, நான் விவரணக் குழுவோ?”

கிறகோரி அண்ணை இன்னும் இரண்டு தரம் சொன்னார். மூன்று தரத்தையும் நான் நேரம் போட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அவர் சொன்னபடி செய்தார். கோயில் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. தலைவர் திருப்தியோடு தலையாட்டிய அதே நேரம் வள்ளம் சேற்றில் ஏறி நின்றது.

“தள்ளு” என்றார் தலைவர்.

“எந்தப் பக்கம் ஐயா?”

“அது உனக்குத் தெரியாதோ?”

“நான் பேர் தெரியாத ஆள், ஐயா. எனக்குத் தூரக் கணக்கும் தெரியாது. அட்டையிலை என்ன கிடக்கெண்டு பாத்துச் சொல்லுங்கோ, அந்தப் பக்கம் தள்ளுறன்.” அப்படிச் சொல்லித் தடியைக் குறுக்கே போட்டு, சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடத்தில் எனக்குள் எழும்பிய சந்தோஷத்தை மறைக்க நான் பிஸ்கற் பேணியைத் திறந்தேன். தலைவரும் சிவக்கொழுந்தரும் தாங்களே இறங்கித் தள்ளினார்கள். முழங்கால்வரை புதைந்தார்கள். வள்ளம் இன்னும் இரண்டு முழம் சேற்றுக்குள் போனது. தலைவரின் ஒரு சப்பாத்து உள்ளே போனது, வரவில்லை. தண்ணீர் வற்றியது. வெயில் ஏறியது. பதினொரு மணி, பன்னிரண்டு மணி, ஒரு மணி. குடைகள் மூன்றும் காற்றுக்கு மடங்கிவிட்டன.

இரண்டு மணியளவில் கனகாம்பிகை கரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அங்கை பாருங்கோ” என்றார். துறையில் யாரோ ஒரு பெண் வந்து நின்றாள். தன் ஆளைப் பார்த்து நின்றவளாக இருக்கும். முகமில்லை, கைகாலில்லை. சிவப்பாக ஒரு குன்றிமணி அளவு. கனகாம்பிகை நெடுநேரம் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்த மனுசி அப்போதுதான் ஒரு படத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“கந்தப்பு, குறிப்பேட்டை எடும். மூண்டு பேரும் இருக்கிறம், கூட்டம் செல்லும்” என்றார்.

தீர்மானம் இருநூற்றுப் பன்னிரண்டு. இலக்கம் பதினேழை வரைந்தவர் குருநகர் கிறகோரி. துறையில் உள்ள சிவப்பு அவர் மனைவி யசிந்தா. அதை அகற்றக் கூடாது. கனகாம்பிகை முன்மொழிந்தார். கரைக்குப் போனால் போதுமென்றிருந்த தலைவர் வழிமொழிந்தார். சேற்றில் நின்றபடியே சிவக்கொழுந்தர் கையுயர்த்தினார். ஏகமனதாக நிறைவேறியது. மூவரும் கையெழுத்திட்டார்கள்.

“ஐயாமார் ரெண்டுபேரும் இன்னும் கொஞ்சநேரம் சேத்திலை நில்லுங்கோ, வள்ளம் லேசாகட்டும்” என்று சொல்லி, கிறகோரி அண்ணை இறங்கி, வள்ளம் வந்த வழியே பின்னுக்குத் தள்ளத் தோள்கொடுத்தார். தண்ணீரும் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. வள்ளம் மிதந்தது. துறையில் இறங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்குப் புண்ணியம் கிடைக்கும், தம்பி” என்றார். முதல் தடவையாக அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டதும் அன்றுதான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நானும் நம்பினேன். இருபது வருஷம் அலுவலகத்தில் குப்பை கொட்டிய எனக்கு அந்தப் புத்தி வந்திருக்கக் கூடாது.

இருபத்தெட்டாம் திகதி காலை ரயில் பிந்தியது. நான் உள்ளே போனபோது சிவக்கொழுந்தர் படத்தை மேசையில் கிடத்தி, சுரண்டிய கத்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வர்ணம் கரைக்கிற தேப்பந்தைலத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். துணி சிவந்திருந்தது.

“ஐயா, அகற்றக் கூடாதெண்டு தீர்மானம்.”

“கூட்டக் குறிப்பு அடுத்த மாதம் உறுதிப்படுத்தினாப் பிறகுதான் ஒரு தீர்மானம் செல்லும். துப்புரவுக் கட்டளை போன மாதமே உறுதியாச்சு. நான் விதிக்கு மாறாய் நடக்கேலாது, கந்தப்பு.”

“ஒரு மாதம் பொறுத்திருக்கலாமே ஐயா.”

“பொறுத்தால் பிறகு அழிக்க ஏலாதே” என்றார்.

முழங்காலில் சேற்றுச் சிப்பி வெட்டிய காயத்துக்கு அவர் இன்னும் மருந்து கட்டியிருந்தார். அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதனை அடிக்கலாம் என்று கை வந்தது. என்னைப் போன்றவர்களுக்குக் கை வருவதோடு சரி. பேனை எடுப்பதுதான் தொழில்.

ஓகஸ்ட் கூட்டத்தில் குறிப்பு உறுதியானது. படத்தில் இப்போது அந்தச் சிவப்பு இல்லை என்று நான் சொன்னேன். தலைவர் யோசித்துவிட்டு, “விவரணம் சரியாய் இருக்கு. படத்திலைதான் குறை. அதுக்கு விவரணக் குழு பொறுப்பில்லை” என்றார். கனகாம்பிகை பின்னல் பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை. உறுதியான தீர்மானத்தின்படி புது அட்டை எழுதும்படி எனக்குக் கட்டளையானது. எழுதினேன். தலைவர் தம் பெயரும் பதவியும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அதற்குக் கீழே அவர் எந்த அட்டையையும் வாசித்ததில்லை. கையெழுத்திட்டார்.

‘விவரித்தவர்: திரு. ஏ. கனகரத்தினம், ஓய்வுபெற்ற மதுவரி அத்தியட்சகர். துப்புரவாக்கியவர்: திரு. ச. சிவக்கொழுந்து, துப்புரவு நிபுணர்.

இலக்கம் 17. பட்டணத்துப் பெரியகோயில், கடலிலிருந்து. வரைந்தவர் குருநகர் கிறகோரி. உயிரோடிருக்கிறார். துறையில் அவரைப் பார்த்து நின்றவர் அவர் மனைவி யசிந்தா. இறந்துவிட்டார். அவர் நின்ற இடத்தில் இப்போது வெறும் மரம் தெரியும். அது யசிந்தாதான் என்று யூலை 23ஆம் திகதி மேற்படி அதிகாரிகள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். யூலை 28ஆம் திகதி மேற்படி அதிகாரிகள் அவரைச் சுரண்டி எடுத்தார்கள்.’

முதற்கிழமை இரண்டு பேர் வாசித்தார்கள். இரண்டாம் கிழமை குருநகரிலிருந்து ஒரு வள்ளத்துச் சனம் வந்தது. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் பூசை விட்டால் வாசல்வரை வரிசை. நூதனசாலைக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் வந்ததில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்தார்கள்.

தலைவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. சின்னக்கடைச் சந்தைக்குத் தாமே போய் வாங்குகிறவர். அங்கே மீன் விற்கிற செபஸ்தியம்மா செவுளை விரித்துக் காட்டி, “உந்தச் சிவப்பு அழுக்கில்லை ஐயா, மீன் புதுசு. சுரண்டாதேங்கோ” என்றாளாம். அடுத்த கடையிலும் அதையே சொன்னார்களாம். ஒரு மாதத்துக்குள் சந்தை முழுக்க அவருக்கு அதுதான் வரவேற்பு. தலைவர் சைவமானார். வயதுக்கேற்ற பக்தி வந்துவிட்டது என்று அவர் வீதியில் பேசிக்கொண்டார்கள். சிவக்கொழுந்தர் கொழும்புக்கு மாற்றம் கேட்டு எழுதினார். அட்டையைக் கழற்றுவதற்கும் ஒரு தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு மூன்று பேர் வேண்டும். தலைவர் கனகாம்பிகை வீட்டுக்கு நான்கு தரம் போனார். நான்கு தரமும் அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

கிறகோரி அண்ணை மட்டும் வரவில்லை. நான் போய் நடந்ததைச் சொன்ன அன்று அவர் வலையிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், அதே வெள்ளைச் சட்டையோடு வந்தார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பலகையின் முன்னால் நின்றார். துறையின் மேல் நகக்கண் அளவுக்கு மரத்தின் நரம்பு தெரிந்தது. அந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

நான் கிட்டப் போய், “அண்ணை, சிவப்பு வர்ணம் ஒரு பேணி வாங்கி லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன். நான் வெளியிலை போய் நிக்கிறன்” என்றேன்.

“வேண்டாம், தம்பி. போன இடம் அப்பிடியே கிடக்கட்டும். வாறவை பாக்கட்டும். நீ உதை வாசி.”

பக்கத்து அறையில் தலைவர், அட்டையை அகற்ற அனுமதி கேட்டு மேலிடத்துக்கு ஒன்பதாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கதவு திறந்து கிடந்தது. நான் குரலைத் தணித்து, யசிந்தாவின் பெயர் வருகிற வரியிலிருந்து தொடங்கினேன்.

“அதில்லை. அவவை எனக்குத் தெரியும். மேலையிருந்து வாசி. அவையின்ரை பேரிலையிருந்து. சத்தமா.”

வாசித்தேன். பெயர், பதவி, திகதி எல்லாம். அறைக்குள் கதிரை அசைந்தது.

“இன்னொருக்கா.”

பின்னால் நின்ற சனம் கிட்ட நெருங்கி வந்தது. நான் மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தபோது தலைவர் எழுந்து வந்து, எங்கள் ஒருவர் முகத்தையும் பாராமல், கதவைச் சாத்திக்கொண்டார்.

“பலகைக் கதவுதான், கேக்கும்” என்றார் கிறகோரி அண்ணை. “நீ வாசி.”

அன்று பதினொரு தரம் வாசித்தேன்.